கூட்டு ஆய்வு முன்மொழிவைத் திருத்திய கதை

யாழ்ப்பாணத்து வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில், பயிருக்குப் போடும் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று பற்றி ஆய்வு நிதி கேட்டு நாங்கள் ஐந்து பேர் எழுதிய முதல் வரைவு, வாசித்துப் பார்த்தால் ஐந்து தனி விண்ணப்பங்களை ஒன்றாகத் தைத்தது போல இருந்தது. அதைவிட, வரைபடத்தைத் திறந்தபோது பாதிக் கிணறுகள் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் கிடந்தன! காரணம், ஒருவர் கிணறுகளின் இடத்தை இலங்கையின் பழைய கண்டவளை ஆள்கூற்று முறையில் தந்திருந்தார், மற்றவர்கள் புதிய எஸ்எல்டி99 முறையில். இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலை மலைதான், ஆனால் பழையதில் அந்த மையத்துக்குக் கொடுத்த எண் கிழக்கிலும் வடக்கிலும் 200,000 மீற்றர், புதியதில் 500,000. அந்த 300 கிலோமீற்றர் வித்தியாசம்தான் கிணறுகளை மேற்கேயும் தெற்கேயும் இழுத்துக்கொண்டு போனது.

சரி என்று ஒரு பின்னேரம் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து கதைத்தோம். முதலில் ஒரேயொரு கேள்வி எழுதினோம்: எந்தப் பயிர் நிலத்துக்குப் பக்கத்துக் கிணற்றில் நைத்திரேற்று கூடுகிறது? செயற்கைக்கோளுக்கு நைத்திரேற்று தெரியாது, பயிர்தான் தெரியும், ஆகவே சென்டினல்-2 செயற்கைக்கோளின், ஒரு புள்ளி 10 மீற்றர் நிலத்தைக் காட்டும் படத்தில் வெங்காயம், புகையிலை நிலங்களைப் பிரிப்பது ஒருவர் வேலை, தண்ணீர் மாதிரி எடுப்பது இன்னொருவர் வேலை என்று ஒவ்வொரு பகுதியும் அடுத்ததுக்கு என்ன கொடுக்கும் என்று எழுதினோம். பிடிக்காத பந்திகளை இரக்கமில்லாமல் வெட்டினேன், என்னுடையது இரண்டும் போனது. சென்டினல் படம் இலவசம், அதனால் படம் வாங்க ஒதுக்கிய காசு முழுவதையும் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு மாற்றினோம்.

சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம்.