மர டெக், மர வேலி: பெயின்ட் செலவை நாமே கணக்குப் போடுவது எப்படி?

சிட்னியின் மேற்குப் பக்கம் டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் என்று நம் ஆட்கள் வீடு வாங்கும் இடங்களில், பின்பக்கம் ஒரு மர டெக்கும் (பலகை போட்ட திறந்த தளம்) சுற்றிலும் பைன் மர வேலியும் வீட்டோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. இரண்டு கோடை போனால் டெக் வெளிறிப் போகும், வேலி சாம்பல் பூத்துவிடும். ஊரில் சுவருக்கு வெள்ளையடித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இதற்குக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். சுவரில் சுரண்ட வேண்டியது கொஞ்சம்தான், மேலே இன்னொரு கோட் அடித்துவிடலாம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரத்தில் உரிந்து தளர்ந்து நிற்கும் பழையது போகாமல் புதியது ஒட்டாது. பெயின்ட் டின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும், இன்னும் சில வருடம் கழித்து இதே வேலையைத் திரும்பச் செய்வதற்கும் போகிறது.

கீழே வரும் விலைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில், கணக்குப் போடும் விதத்தைக் காட்டச் சுமாராக வைத்தவை. உங்கள் பக்கத்துக் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: என்ன மரம், அதன் மேல் என்ன இருக்கிறது

இங்கே டெக்குக்குப் பெரும்பாலும் மெர்பாவ் அல்லது பதப்படுத்திய பைன் போடுவார்கள். மெர்பாவ் செம்பழுப்பு நிறம், தூக்கினால் கனம். புதிதாகப் போட்ட மெர்பாவில் மழை பட்டால் டிக்காஷன் நிறத்தில் சாயம் இறங்கி, கீழே உள்ள சிமென்ட் தளத்தைக் கறையாக்கும். அது டானின், மரத்திலேயே இருக்கும் சாயப்பொருள். அது வடிந்து முடியும் முன் எதை அடித்தாலும் நிற்காது. அதனால் புது மெர்பாவை முதலில் சில வாரம் வெயில் மழையில் விட வேண்டும், அல்லது ஆக்ஸாலிக் அமிலம் கலந்த டெக் கிளீனரால் கழுவ வேண்டும்.

பைன் மரம் புதிதில் லேசான பச்சையாக இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க ஏற்றிய தாமிரம் தரும் நிறம் அது. பழைய பைனில் தாமிரத்தோடு குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கலாம். 2006-இல் டெக், கைப்பிடி, குழந்தைகள் விளையாடும் சாதனங்கள் போன்றவற்றுக்கு அந்த ஆர்சனிக் மரத்தைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முந்தைய டெக் என்றாலோ, என்ன மரம் என்று தெரியாத வேலி என்றாலோ, பி2 மாஸ்க் (நுண்தூசியைத் தடுப்பது) இல்லாமல் தேய்க்காதீர்கள். வெட்டி எடுத்த துண்டுகளை பார்பிக்யூ அடுப்பில் போடவே கூடாது.

1970-க்கு முன் கட்டிய வீட்டில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சோதிக்கும் கிட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஈயம் என்று காட்டினால் உலர்வாகத் தேய்க்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. டெக்கில் ஆள் அதிகம் நடக்கும் இடம் ஒன்று, ஓரமாக ஒன்று என நாலைந்து இடத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பழைய எண்ணெய் இருக்கும் இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். தேய்ந்த இடத்தில் சட்டென்று பரவி, மரம் கறுத்து, ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். எல்லா இடத்திலும் உறிஞ்சினால் கழுவினாலே போதும். ஒரு இடம் உறிஞ்சி இன்னொரு இடம் உருட்டினால் தேய்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். செலவு எந்தப் பக்கம் போகப் போகிறது என்பதை இந்த ஒரு ஸ்பூன் தண்ணீர் சொல்லிவிடும்.

படி 2: எண்ணெயா, பெயின்டா?

என் கருத்து இதில் ஒரு பக்கம் சாய்ந்ததுதான்: டெக்குக்கு எண்ணெய், வேலிக்குப் பெயின்ட் அல்லது வேலிக்கென்றே விற்கும் பூச்சு.

டெக் படுத்துக் கிடக்கிற பரப்பு. தண்ணீர் தேங்கும், காலும் நாற்காலியும் உரசும். பெயின்ட் மேலே ஒரு தோல் மாதிரி நிற்பது. அதில் எங்காவது கீறல் விழுந்தால் தண்ணீர் அடியில் போய், பாளம் பாளமாக உரிந்து வரும். அப்போது முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் உரியாது, வெளிறத்தான் செய்யும். கழுவி இன்னொரு கோட் கொடுத்தால் வேலை முடிந்தது. வருடத்துக்கு ஒருமுறை அப்படிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், “பெயின்ட்தான் லாபம், பல வருடம் நிற்குமே” என்பார்கள். அந்தக் கணக்கில் சுரண்டும் கூலி வராது. பத்து வருடத்துக்குச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பெயின்ட் அடித்த டெக் என்றால் மட்டும் வேறு வழியில்லை, பெயின்டையே தொடர வேண்டும்.

வேலி நின்றுகொண்டிருப்பது. தண்ணீர் வழிந்து ஓடிவிடும், மிதிப்பாரும் இல்லை. நல்ல அக்ரிலிக் பெயின்ட் அங்கே நீண்ட நாள் நிற்கும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நடக்கிறவர்கள் நாம். ஜனவரி வெயிலில் கருநிற டெக்கில் வெறுங்காலோடு இறங்கினால் தெரியும். இன்னொன்று, இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. வடக்கும் மேற்கும் பார்த்த பரப்புகள்தான் முதலில் கெடும். தெற்குப் பக்கம் தாக்குப்பிடிக்கிறது என்பதற்காக எல்லாப் பக்கத்துக்கும் அதே ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 3: அளப்பது

முதலில் டெக். நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர் என்றால் 20 சதுர மீட்டர். படிக்கட்டு, பலகை விளிம்பு எல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் கூட்டினால் 22. இரண்டு கோட் என்றால் 44 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று டின்னிலேயே அச்சிட்டிருப்பார்கள். கணக்குக்குப் பத்து என்று வைத்தால் 4.4 லிட்டர் வேண்டும். இங்கேதான் சிக்கல்: கடையில் இருப்பது 4 லிட்டர் டின். கடைசி இரண்டு பலகைக்கு எண்ணெய் இல்லாமல் கடை மூடும் நேரத்தில் ஓட வேண்டாம் என்றால், கூட ஒரு 1 லிட்டர் டின் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்து போன பழைய மரம் முதல் கோட்டில் இன்னும் அதிகம் குடிக்கும். டின்னில் போட்டிருக்கும் எண் வழவழப்பான மரத்துக்கானது.

டெக்கைச் சுற்றிக் கம்பிக் கம்பியாக மரக் கைப்பிடி இருக்கிறதா? பரப்பளவில் அது சொற்பம், நேரத்தில் ராட்சசன். ஒவ்வொரு கம்பிக்கும் நாலு பக்கம் பிரஷ் போக வேண்டும். ஆள் வைத்தால் கொட்டேஷன் எகிறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி வேலி. 20 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம் என்றால் 36 சதுர மீட்டர். உங்கள் பக்கம் வெறும் பலகை முகம் என்றால் அவ்வளவுதான். குறுக்குச் சட்டமும் கம்பமும் தெரிகிற பக்கம் உங்களுடையது என்றால் கால் பங்கு கூட்டுங்கள்: 45. இரண்டு கோட்டுக்கு 90. வேலிப் பலகை ரம்பத்தால் அறுத்ததோடு சரி, இழைத்திருக்க மாட்டார்கள். கையை வைத்துப் பார்த்தால் சொரசொரவென்று நாரும் சிலாம்பும் குத்தும். அந்தப் பரப்பு லிட்டருக்கு ஆறு சதுர மீட்டர்தான் கொடுக்கும் என்று வைத்தால் 15 லிட்டர் ஆகும்.

பிரஷை எடுக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1991-ஆம் ஆண்டு வேலிச் சட்டப்படி, போதுமான அளவு எல்லை வேலி போடும் செலவை இரு வீட்டாரும் பொதுவாகச் சமமாகப் பகிர்ந்துகொள்வார்கள். உங்கள் ரசனைக்கு உங்கள் பக்கம் அடிக்கிற பெயின்டுக்கு அவரிடம் பாதி கேட்க முடியாது. தவிர, பலகை இடுக்கு வழியாகப் பெயின்ட் அந்தப் பக்கம் ஒழுகும். முன்பே சொல்லியிருந்தால் அது ஒரு பேச்சோடு போய்விடும்.

படி 4: பணம்

நீங்களே செய்தால், அந்த 20 சதுர மீட்டர் டெக்குக்கு: கிளீனர் 40 டாலர், எண்ணெய் ஐந்து லிட்டர் 150, பிரஷ், ட்ரே, டேப், மாஸ்க், கையுறை 60. ஆக 250. தேய்க்க வேண்டியிருந்தால் இயந்திர வாடகையும் உப்புத்தாளும் சேர்ந்து இன்னொரு 150 வரும். வேலிக்குப் பூச்சு 250, பிரஷும் ரோலரும் 50, ஆக 300.

ஆள் வைத்தால் கணக்கே வேறு. மணிக்கு 55 டாலர், இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்று வைத்தாலே 880. டெக்குக்கு ஒருநாள் கழுவவும் தேய்க்கவும், மறுநாள் அடிக்கவும் என்று இரண்டு நாள் ஆனால் 1,760. எண்ணெய்க்குக் கொடுக்கும் 150 இதன் முன்னால் எம்மாத்திரம்? எண்ணெயில் ஐம்பது டாலர் மிச்சம் பிடித்து மட்டமானதை வாங்குவது வீண் சிக்கனம். ஆள் வைத்துச் செய்தால் நல்ல எண்ணெயாகவே வாங்குங்கள்.

கொட்டேஷன் மூன்று வாங்குங்கள், மூன்றிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கழுவுவதும் தேய்ப்பதும் சேர்த்தா? எத்தனை கோட்? எந்தப் பெயின்ட், டின் பெயரோடு எழுதித் தருவீர்களா? பத்து சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா? மற்ற இரண்டைவிட ஒன்று மட்டும் பாதி விலையில் இருந்தால், பெரும்பாலும் அதில் தேய்க்கும் வேலை இருக்காது. நியூ சவுத் வேல்ஸில் கூலியும் பொருளும் சேர்த்து 5,000 டாலரைத் தாண்டும் வீட்டு வெளிப்புறப் பெயின்ட் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. “நம்ம ஆள்தான், தெரிந்தவர்தான்” என்பதெல்லாம் சரி, தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் சிநேகமும் கெடாது.

எனக்குக் கேட்டால், வேலியை நீங்களே அடியுங்கள், பிசகினாலும் தெரியாது. தேய்க்க வேண்டிய டெக்குக்கு முதல் முறை ஆள் வையுங்கள். அடுத்த வருடத்திலிருந்து வெறும் கழுவலும் ஒரு கோட்டும்தானே, அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: வேலை செய்யும் நாள்

10 டிகிரிக்குக் குறையாமல் 30-ஐத் தாண்டாமல் இருக்கும் நாள், அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத நாள். சிட்னியில் மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர், அக்டோபரும் வசதி.

முதலில் துருத்திக்கொண்டு நிற்கும் ஆணிகளை உள்ளே இறக்குங்கள், இல்லாவிட்டால் உப்புத்தாள் கிழியும். பலகை இடுக்கில் அடைத்த சருகை ஒரு பழைய கத்தியால் கிளறி எடுங்கள். கிளீனர் போட்டு, மரத்தின் நார் போகும் திசையில் விறைப்பான பிரஷால் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்ட வைத்து அடித்தால் மரம் பஞ்சாகப் பிரியும், தள்ளி நின்று அடியுங்கள். பிறகு இரண்டு நாளாவது காயட்டும்.

தேய்ப்பதாக இருந்தால் 60 நம்பர் தாளில் தொடங்கி 80-இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் மரம் எண்ணெய் குடிக்காது.

எண்ணெயை நன்றாகக் கலக்கி, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பலகையை மட்டும் எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். வீட்டு வாசலை நோக்கி வேலை வரட்டும், மூலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பலகையின் வெட்டு முனைகளுக்கு இரண்டு மடங்கு கொடுங்கள், தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். தேங்கி நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுவென்று மாதக்கணக்கில் காயாமல் கிடக்கும்.

வேலிக்கு ஸ்பிரேயர் வேகம்தான், ஆனால் காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் காருக்கும் பெயின்ட் போய்ச் சேரும். முதல் முறை அடிக்கிறவர்கள் ரோலரால் தடவி, பின்னாலேயே பிரஷால் இடுக்குகளுக்குள் தள்ளினால் போதும்.

படி 6: முடித்த பிறகு

எண்ணெய் துடைத்த துணியை உருட்டிக் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடு கிளப்பும், கசங்கிக் கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே தரையில் ஒற்றையாக விரித்து விறைப்பாகக் காயவிட்டு, அப்புறம் எறியுங்கள்.

பிரஷ் கழுவிய தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அது நேரே ஆற்றுக்குப் போகிறது. மிஞ்சிய பெயின்டை பெயின்ட்பேக் திட்டத்தின் சேகரிப்பு இடங்களில் கட்டணமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். நாம் வாங்கும் பெரும்பாலான டின்களின் விலையிலும் அதற்கான சிறு தொகை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. கொடுக்கும் முன் ஒரு சின்ன ஜாடியில் கொஞ்சம் எடுத்து, நிறத்தின் பெயரையும் வாங்கிய தேதியையும் ஒட்டி வையுங்கள். வேலியில் ஒரு பலகை மாற்ற நேர்ந்தால் அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.