பிரபலத்தின் குத்துச்சண்டையைப் பார்க்க வந்தவர்களை ஹெவிவெயிட் ரசிகர்களாக்குவது எப்படி?

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் நின்று கேட்பதற்கு இன்றும் ஆள் உண்டு. ஆனால், எடை மிகுந்த வீரர்களின் பிரிவான ஹெவிவெயிட்டில் இன்றைய சாம்பியன் யார் என்று கேட்டால், அவர்களில் பலருடைய பதில் மைக் டைசனோடு நின்றுவிடுகிறது. 2024 நவம்பரில், 58 வயது டைசனும் யூடியூபில் புகழ்பெற்ற 27 வயது ஜேக் பாலும் டெக்சாசில் மோதியபோது, உலகெங்கும் 10.8 கோடிப் பேர் அதை நேரலையில் பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. இப்படி வெளியிலிருந்து வரும் ஒரு பிரபலத்தால் ஹெவிவெயிட் பிரிவுக்குப் பழைய மவுசு திரும்புமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: கூட்டத்தைச் சேர்க்க அவரால் முடியும், சேர்ந்த கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவரால் ஆகாது, அது விளையாட்டை அறிந்தவர்களின் வேலை. பாக்ஸிங் கிளப்பில் பயிற்சி தரும் மாஸ்டர்களும், தெருவில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சண்டை பார்க்கும் அண்ணன்மார்களும் அந்த வேலையை எப்படிச் செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், சண்டை அறிவிக்கப்பட்ட அன்றே அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். ஒரு ரவுண்டு எத்தனை நிமிடம், கிளவுஸ் எத்தனை அவுன்ஸ், முடிவு வீரர்களின் தொழில்முறைக் கணக்கில் சேருமா அல்லது வெறும் காட்சிப் போட்டியா என்ற மூன்றும் தெரிந்தால், நீங்கள் பார்க்கப்போவது எந்த வகைச் சண்டை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆண்களின் தொழில்முறைப் போட்டியில் ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். ஹெவிவெயிட்டில் வழக்கமான கிளவுஸ் பத்து அவுன்ஸ். டைசன் சண்டையிலோ ரவுண்டுக்கு இரண்டே நிமிடம், கிளவுஸ் பதினான்கு அவுன்ஸ். எட்டு ரவுண்டுகளில் டைசன் விட்ட 97 குத்துகளில் 18 மட்டுமே பட்டதாகக் கணக்கெடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, 'ஹெவிவெயிட் என்றால் இவ்வளவுதானா?' என்று சலித்துக்கொண்ட பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு முன்கூட்டியே நிபந்தனைகளை விளக்கிச் சொல்லாதது பெரியவர்களின் குறை.

அடுத்து, எதிரே நிற்பவர் யார் என்று பாருங்கள். 2025 டிசம்பரில் மயாமியில் அதே ஜேக் பால், முன்னாள் உலக சாம்பியனும் 2012 ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றவருமான ஆன்டனி ஜோஷுவாவின் முன் நின்றார். இம்முறை ரவுண்டுக்கு மூன்று நிமிடம், கிளவுஸ் பத்து அவுன்ஸ். ஜோஷுவா சுமார் 110 கிலோ, பால் சுமார் 98 கிலோ. இந்தச் சண்டையைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும்போது முகத்தை விட்டுவிட்டுக் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் நான்கு ரவுண்டுகளில் பால் கயிற்றோரமாகவே சுற்றிச் சுற்றி ஓடுகிறார். ஜோஷுவா நெருங்கினால் குனிந்து இடுப்பைக் கட்டிப் பிடிக்கிறார். ஜோஷுவா பின்னாலேயே ஓடவில்லை. பால் போகும் பக்கம் ஓரடி முன்கூட்டியே எடுத்துவைத்து வழியை அடைத்துக்கொண்டே வருகிறார். ஐந்தாவது ரவுண்டில் பாலின் கால் ஓய்ந்துவிட, அவர் விழத் தொடங்குகிறார். ஆறாவது ரவுண்டில் ஜோஷுவாவின் வலது கைக் குத்தில் சண்டை முடிகிறது. பாலின் தாடை உடைந்தது. பல ஆண்டுகள் முறையாகப் பயிற்சி எடுத்த ஒரு பிரபலத்துக்கும் உண்மையான ஹெவிவெயிட் வீரருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். கேமரூனில் சிறுவயதில் மணல் குவாரியில் வேலை பார்த்து, பிறகு யுஎஃப்சி என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் ஹெவிவெயிட் சாம்பியனான ஃபிரான்சிஸ் இங்கானு, 2023 அக்டோபரில் ரியாத்தில் தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃப்யூரியை மூன்றாவது ரவுண்டில் இடது ஹூக்கால், அதாவது வளைத்து வீசிய இடது கைக் குத்தால், தரையில் சாய்த்தார். ஃப்யூரி நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில்தான் தப்பினார். அன்று குத்துச்சண்டையைத் திரும்பிப் பார்க்காதவர்களும் பார்த்தார்கள். ஐந்து மாதங்களுக்குள் ஜோஷுவா இங்கானுவை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்த, அந்தப் பரபரப்பும் அடங்கியது. இது புதிய கதையுமன்று. அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமான எட் 'டூ டால்' ஜோன்ஸ் 1979-ல் ஆட்டத்தை விட்டுவிட்டு ஹெவிவெயிட் ரிங்கில் ஏறி, ஆறு சண்டைகளில் ஆறிலும் வென்று, மறுபடி கால்பந்துக்கே போய்விட்டார். ஹெவிவெயிட் பிரிவு இருந்த இடத்திலேயே இருந்தது.

கூட்டம் ஏன் கலைகிறது என்பதற்கு விடை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, வடசென்னையிலேயே இருக்கிறது. குத்துச்சண்டைக் குழுக்கள் சார்பட்டா பரம்பரை என்றும் இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்றும் பிரிந்து நின்று மோதிய நாட்களில் மக்கள் ஒரு தனி ஆளின் புகழுக்காக மட்டும் திரளவில்லை. இன்று தோற்ற பரம்பரை அடுத்த முறை யாரை இறக்கும், எப்படிப் பதிலடி கொடுக்கும் என்ற தொடர்ச்சிதான் அவர்களைத் திரும்பத் திரும்ப இழுத்தது. ஹெவிவெயிட்டின் பொற்காலத்துக்கும் இதே காரணம்தான். முகமது அலியும் ஜோ ஃப்ரேஸியரும் 1971, 1974, 1975 என மூன்று முறை மோதியதால்தான் ஒவ்வொரு சண்டையும் அடுத்ததற்கு ஆள் சேர்த்தது. 1980-ல் அலியே சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். அவரைவிடப் பெரிய பிரபலம் இந்த ஊர் ரிங்கில் ஏறியதில்லை. ஆயினும் அதன் பிறகு சென்னையிலிருந்து உலக அளவில் பதக்கம் வென்ற வெ. தேவராஜன் எடை குறைந்த பாண்டம்வெயிட் பிரிவைச் சேர்ந்தவர். 1994 உலகக் கோப்பையில் அவர் வென்ற வெண்கலம் கிளப்பில் ஆண்டுக்கணக்கில் செய்த பயிற்சியின் பலன். பிரபலத்துக்கு முன்னும் பின்னும் எவரும் இல்லை, அவருக்குப் பரம்பரை கிடையாது. ஆகவே அந்தத் தொடர்ச்சியை நீங்கள்தான் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வருவதால், நேரம் வசதியாகவே அமைகிறது. ஓடிடி கணக்குகள் வீட்டுப் பயன்பாட்டுக்குரியவை என்பதால், தெருவில் திரை கட்டாமல் ஒரு வீட்டுக் கூடத்தில் பார்ப்பதே முறை. முக்கியச் சண்டைக்கு மட்டும் அழைக்காமல் முதல் போட்டியிலிருந்தே வரச் சொல்லுங்கள். டைசனும் பாலும் மோதிய அதே மேடையில்தான் வீராங்கனைகள் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் பத்து ரவுண்டுகள் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். அன்றைய உண்மையான குத்துச்சண்டை அதுதான். நம் நாட்டின் நீரஜ் கோயத்தும் அன்று பிரேசில் நகைச்சுவையாளர் ஒருவரை வென்றார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தவறாதீர்கள்.

பிரபலத்தின் சண்டை முடிந்தவுடன் கூட்டத்தைக் கலையவிடாமல் இரண்டு பழைய ரவுண்டுகளைக் காட்டுங்கள். ஒன்று, 2018 டிசம்பரில் ஃப்யூரியும் டியோன்டே வைல்டரும் மோதிய பன்னிரண்டாவது ரவுண்டு. வைல்டரின் குத்தில் மல்லாந்து விழுந்த ஃப்யூரி, நடுவர் பத்து வரை எண்ணி முடிப்பதற்குள் எழுந்து மீதி நேரமும் சண்டையிட்டது எந்தப் பிள்ளையையும் உட்காரவைத்துவிடும். அந்தச் சண்டை டிராவில் முடிந்தது, அதன் பின் இன்னும் இரண்டு முறை அவர்கள் மோதினார்கள் என்று சொன்னாலே போதும், அடுத்ததைப் போடச் சொல்வார்கள். மற்றொன்று, 2024 மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக்கும் ஃப்யூரியும் மோதிய ஒன்பதாவது ரவுண்டு. உசிக் சுமார் 101 கிலோ, ஃப்யூரி சுமார் 119 கிலோ. உயரத்திலும் பெரிய வித்தியாசம். இடது கை வீரரான உசிக், உள்ளே புகுந்து வெளியேறும் கால் வேகத்தால் அந்த மலையைத் தள்ளாட வைத்து, 1999-ல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்த முதல் ஹெவிவெயிட் ஆனார். வடசென்னைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒல்லியானவர்கள். எடையில் பெரியவனைக் காலால் ஜெயிக்கும் உசிக்கின் ஆட்டம், அவர்களுடைய மாஸ்டர் நாள்தோறும் சொல்லிக்கொடுப்பதேதான். ஆகவே ஹெவிவெயிட்டை அவர்களுக்கு அறிமுகப்படுத்த அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

அந்த வாரத்தில் கிளப்புக்குப் புதிதாகச் சிலர் வரக்கூடும். பிரபலத்தைப் போல உடனே எதிராளியோடு மோத வேண்டும் என்று கேட்பவனை முதலில் ஸ்கிப்பிங்கிலும் கால் பயிற்சியிலும் நிறுத்துங்கள். பல் கவசமும் தலைக் கவசமும் இல்லாமல் எவரையும் ரிங்கில் ஏற்றாதீர்கள். உடல் கனமான பையன் வந்தால் எடையைக் குறைக்கச் சொல்லி விரட்டிவிடாமல், டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்திய சூப்பர் ஹெவிவெயிட் வீரரான சதீஷ் குமாரைப் பற்றிச் சொல்லி, அவனுக்கென்று ஒரு பிரிவு இருப்பதைக் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து, வந்தவர்களிடம் உசிக்கின் அடுத்த சண்டை யாருடன் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறுக்கு அவர்களையே அழைப்பு விடச் சொல்லுங்கள்.