பழைய எஸ்எல்ஆர்: ரோல் போடும் முன் பார்க்க வேண்டியவை, போட்ட பின் கெடுபவை

மூடிப்போன ஸ்டுடியோவிலிருந்தோ மாமா வீட்டுப் பரணிலிருந்தோ ஒரு எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும்) பிலிம் கேமரா கைக்கு வந்ததும் ரோலைப் போட்டு நெல்லையப்பர் கோயில் தேரை எடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். ரோல், கழுவுகிற கூலி, ஸ்கேன், லேபுக்கு அனுப்பும் கூரியர் என்று கூட்டிப் பார்த்தால் 36 படம் சின்னக் காசில்லை. முக்கால்வாசிக் கோளாறு வெறும் கேமராவிலேயே கண்ணுக்கும் காதுக்கும் பிடிபட்டுவிடும்.

பென்டாக்ஸ் கே 1000-ஐ வைத்தே சொல்கிறோம். 1976-இல் வந்து 1997 வரை ஓடிய மாடல். ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். யாஷிகா எஃப்எக்ஸ்-3, நிக்கான் எஃப்எம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே பாடம். கேனான் ஏஇ-1 வேறு ஜாதி. அதில் ஷட்டரே மின்சாரத்தில் ஓடுவதால் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் பட்டன் அமுங்கினாலும் ஒன்றும் நடக்காது. ‘ரிப்பேர்’ என்று சல்லிசாக விற்கப்படும் ஏஇ-1-களில் சிலவற்றுக்குப் புது பேட்டரி ஒன்றே போதும்.

லென்ஸைக் கழற்றுங்கள், பின்கதவைத் திறங்கள், வெளிச்சமான சுவரைப் பார்த்துக் கேமராவைப் பிடியுங்கள். பிலிமை நகர்த்தும் லீவரை முழுசாக, நிற்கிற இடம் வரை தள்ளவேண்டும். அரைகுறையாகத் தள்ளிவிட்டு ‘பட்டன் அமுங்கவில்லை’ என்பவர்கள் அதிகம். ஷட்டர் வேகத்தை 1000-இல் (1/1000 விநாடி) வைத்து அடித்தால் கண்சிமிட்டும் நேரத்துக்கு முழுச் செவ்வகமும் வெளிச்சமாகத் தெரியவேண்டும். ஷட்டரில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்; ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் இரண்டாம் திரை முதல் திரையை ஓட்டத்தில் எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். அதற்கு மெக்கானிக்தான் வழி. அதுவரை 250-க்கு மேல் போகாமல் ஓட்டலாம்.

அடுத்து 1 விநாடி. உள்ளே சக்கரம் ‘ர்ர்ர்’ என்று ஒரே சீராக ஓடி முடியவேண்டும். திக்கித் திக்கி ஓடினாலோ நடுவில் நின்றுவிட்டாலோ பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது. செல்போனில் 240 பிரேம் ஸ்லோமோஷனில் பின்பக்கத்திலிருந்து படம்பிடித்தால் கணக்கே போடலாம்: 1/30-க்கு ஏறத்தாழ 8 பிரேம், 1/8-க்கு 30 பிரேம் திறந்திருக்கவேண்டும். 8-க்குப் பதில் 10 வந்தால் கவலையில்லை. 16 வந்தால் ஒரு ஸ்டாப் போச்சு, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகிறது. ஷட்டருக்குள் நீங்களாக எண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் திரையை நாசமாக்கிய கேமராக்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கே 1000-இன் திரை துணி. இருட்டறையில் முன்பக்கமிருந்து டார்ச் அடித்து, பின்பக்கம் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பிறகு லென்ஸ்: எதிர்ப்பக்கம் டார்ச் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால், நூலாம்படை மாதிரி கிளைகிளையாக ஓடுவது பூஞ்சை. நாலு தூசி இருந்தால் படத்தில் தெரியாது, விட்டுவிடுங்கள்.

பின்கதவு ஓரத்திலும், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி (மிரர்) மேலே போய் முட்டும் இடத்திலும் இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சுதான் நம் வெயிலில் முதலில் போவது. விரல் நகத்தால் தொட்டால் தாராக ஒட்டினால் மாற்றவேண்டியதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியாலும் பட்ஸாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். துகள் ஷட்டர் பக்கம் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்கவேண்டும்; திரையில் விரல் படக்கூடாது. கண்ணாடியையும் அதற்கு மேலிருக்கும் போகஸிங் ஸ்கிரீனையும் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்பக்கமே இருக்கிறது, துடைத்தால் கீறும்; ஸ்கிரீன் பிளாஸ்டிக், மங்கிப்போகும். காற்றுப் பம்பு மட்டும் போதும். கதவின் குறுகிய பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூல் பொருந்தும். கீல் பக்கம் அகலமான பட்டை வேண்டும், அதற்கு 2 மில்லிமீட்டர் கறுப்பு ஸ்பாஞ்சோ வெல்வெட்டோ ஒட்டலாம். வெளிச்சம் ஒழுகுவது பெரும்பாலும் இந்தக் கீல் வழியாகத்தான்.

அடித்தட்டு மூடியைத் திறந்து பேட்டரி அறையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆல்கலைன் கசிந்திருக்கிறது. பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கே 1000-க்கு வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர் 44 (ஆல்கலைன் பட்டன் செல்) இரண்டு போதும். எஸ்ஆர் 44 (வெள்ளி ஆக்சைடு செல்) கிடைத்தால் இன்னும் நல்லது. அது தீரும்வரை வோல்டேஜ் இறங்காது, எல்ஆர் மெல்ல மெல்ல இறங்கி மீட்டரை ஏமாற்றும். இந்த மாடலுக்கு ஆஃப் சுவிட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் சுவிட்ச்.

1.35 வோல்ட் பாதரச செல் கேட்கும் கேமராக்களுக்கு இப்போது அந்தச் செல் கிடைக்காது. பலவற்றில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று செல் 1.4 வோல்ட், அதுவே நெருங்கிய மாற்று. ஸ்டிக்கரைப் பிய்த்ததும் உயிர் குறைய ஆரம்பிக்கும் என்பதால் பயணத்துக்கு முன்தான் பிய்க்கவேண்டும்.

மீட்டரைச் சோதிக்க நிழலில் இருக்கும் சாம்பல் நிறச் சுவரைப் பாருங்கள், போனில் இருக்கும் மீட்டர் ஆப்பும் அதே சுவரைப் பார்க்கட்டும். கேமரா மீட்டர் எப்போதும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறைத்தே கொடுக்கச் சொன்னால், 200 பிலிமுக்கு ஏஎஸ்ஏ (பிலிமின் வேக எண், ஐஎஸ்ஓ என்பதும் இதுவே) வட்டை 100-இல் வையுங்கள். கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் சேறாகிவிடும்.

ரோல் போடுவது நிழலில். ரிவைண்ட் குமிழை மேலே இழுத்தால் கதவு திறக்கும். கேஸட்டை வைத்துக் குமிழை அமுக்கி, பிலிம் நாக்கை எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருகுங்கள். லீவரை ஒரு தரம் தள்ளி, மேலும் கீழும் பற்சக்கரம் துளைகளில் சரியாக உட்கார்ந்த பிறகே கதவைச் சாத்தவேண்டும். குமிழை மெதுவாக வலப்பக்கம் சுற்றித் தொய்வை எடுங்கள். அடுத்து லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழும் எதிர்ப்பக்கமாகச் சுற்றவேண்டும். சுற்றவில்லையென்றால் பிலிம் நகரவில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும், ரோல் வெறுமையாகத் திரும்பிவரும்.

நெல்லைச் சீமை வெயிலுக்கு மீட்டர் இல்லாமலே கணக்கு உண்டு. தெளிந்த வானம், உச்சிவெயில் என்றால் லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்து எண். 200 ரோலுக்கு 1/250. திறந்த நிழலுக்கு எஃப் 5.6. உவரிக் கடற்கரை மணலும் வெள்ளை வேட்டிக் கூட்டமும் மீட்டரை ஏமாற்றும்: வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். மீட்டர் முள் நடுவில் நின்றாலும் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறங்கள். அல்லது அதே வெயிலில் நிற்கும் வாழைத்தோப்பைப் பார்த்து அளந்துவிட்டுத் திரும்புங்கள். கோயில் மண்டபத்துக்கு, அனுமதி இருந்தால், 400 ரோல் வேண்டும். அங்கே இன்னொன்று: வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் மீட்டருக்குள் வெளிச்சத்தை உணரும் இந்தப் பழைய செல் உடனே இருட்டுக்குப் பழகாது. அரை நிமிஷம் பொறுத்து முள்ளைப் பாருங்கள்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் ஆனி ஆடிக் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள், ரோல் மாற்றாதீர்கள். அந்தச் செம்மணல் ஒன்று பின்தகட்டில் ஒட்டினால் 36 படத்துக்கும் நேர்க்கோடு போடும். குற்றாலத்துச் சாரலில் கேமராவை எடுத்தால், வீடு வந்ததும் தோலுறையிலிருந்து பிரித்துவிடவேண்டும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஏசி அறையிலிருந்து எடுத்தால் பாலிதீன் பைக்குள் அரை மணி நேரம் விட்டுத் திறங்கள். பிரிட்ஜ் ரோலுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பைக் பெட்டிக்குள் ரோலை வைப்பதும் அடுப்பங்கரையில் வைப்பதும் ஒன்றுதான்.

பிளாஷுக்கு வேகம் 1/60 அல்லது அதற்குக் கீழ். 125-இல் அடித்தால் படத்தில் ஒரு பகுதி கறுப்பு. துவாரம் எளிய வகுத்தல், பிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு எண்ணைத் தூரத்தால் வகுங்கள்: 100 ஐஎஸ்ஓவில் கைடு எண் 28, ஆள் 5 மீட்டரில் என்றால் எஃப் 5.6. வருஷக்கணக்காகத் தூங்கிய பிளாஷை ஆன் செய்து சில நிமிஷம் சும்மா விட்டு, பிறகு அடியுங்கள். அதே பிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டவேண்டாம். சில பழைய பிளாஷ்களின் தூண்டு வோல்டேஜ் அதன் சர்க்யூட்டைச் சுட்டுவிடும்.

36-க்குப் பின் லீவர் இறுகினால் அமுக்கித் தள்ளாதீர்கள், துளை கிழியும். அடித்தட்டுப் பட்டனை அமுக்கி, ரிவைண்ட் கைப்பிடியை வலப்பக்கம் நிதானமாகச் சுற்றுங்கள். காய்ந்த காலத்தில் வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி பிலிமில் மின்னல் கோடாகப் பதியும். ஆரம்பத்திலிருந்தே இழுப்பில்லாமல் லேசாகச் சுற்றினால் பிலிம் அறுந்திருக்கும். இருட்டறையில் திறந்து, கையால் சுருட்டிக் கறுப்பு டப்பாவில் அடைத்து, லேபிடம் சொல்லி அனுப்புங்கள்.

திரும்பிவரும் நெகட்டிவைத் தூக்கிப்போடாதீர்கள், நோய் அதில்தான் எழுதியிருக்கிறது. ஓர எண் தெரிந்து படம் இல்லையென்றால் பிலிம் ஓடவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எண்ணும் இல்லையென்றால் கழுவியதில் தவறு. கறை பற்துளைகளைத் தாண்டி ஓடினால் கதவு ஒழுகுகிறது. படத்தின் சட்டத்துக்குள்ளேயே நின்றால் திரையில் ஓட்டை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் லீவரின் பற்சக்கரம். வேகம் கூடக்கூட ஒரே ஓரம் வெளிச்சம் குறைந்து வந்தால், 1000-இல் சுவரைப் பார்த்துச் சோதித்த அதே கோளாறுதான். 125-இல் எடுத்த படம் சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள், எந்த வேகத்திலிருந்து கெடுகிறது என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை குறையும்.