கை எட்டும் இடத்தில் எந்தச் சரக்கு?

கிடங்கில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, எத்தனை எண்ணிக்கை விற்றது என்று பார்க்காதீர்கள். எத்தனை ஆர்டர்களில் வந்தது என்று பாருங்கள். ஒரே ஆர்டரில் 500 போகும் பொருளுக்கு ஆள் ஒரு தடவை நடந்தால் போதும். தினம் 40 ஆர்டரில் ஒவ்வொன்றாகப் போகும் பொருளுக்கு 40 தடவை கை நீட்ட வேண்டும். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்து இடம் இதற்குத்தான்.

கடைசி 3 மாத ஆர்டர் பட்டியலை எடுத்து, பொருள்வாரியாக எண்ணி, இறங்கு வரிசையில் அடுக்குங்கள். மேலே வருபவை இடுப்பிலிருந்து தோள் உயரம் வரையுள்ள தட்டுகளுக்கு. அபூர்வமாகப் போகும் லேசான பெட்டிகள் உச்சிக்கு. கனமானவை இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், முதுகு பிழைக்கும்.

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: வேகமாகப் போகும் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் குவித்தால் தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று வரிசைகளின் முன்பகுதியில் பிரித்து வையுங்கள். சேர்ந்தே ஆர்டராகும் பொருட்கள் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் ஒரே சட்டையின் 40, 42 அளவுகளை ஒட்டி வைத்தால் கை மாறி எடுப்பது நிச்சயம். நடுவில் வேறொரு பொருளை வையுங்கள்.

இடம் மாற்றியதும் கணினியிலும் உடனே மாற்றிவிடுங்கள், 'சாயங்காலம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். சீசன் தொடங்கும் முன் பட்டியலை மறுபடி எண்ணுங்கள்.