இந்தி கேங்ஸ்டர் படத்துக்கு தியேட்டர் வாசலில் கருத்துக் கேட்பது எப்படி?

1990 பிப்ரவரியில் 'அக்னிபத்' வெளியானபோது, படம் பார்த்துவிட்டு வந்த பலர் சொன்ன முதல் குறை, "சவுண்ட் சரியில்லை" என்பதுதான். சவுண்டில் கோளாறு எதுவும் இல்லை. விஜய் தீனாநாத் சவான் பாத்திரத்துக்காக அமிதாப் பச்சன் தன் குரலையே மாற்றி, அடித்தொண்டையில் கரகரவென்று பேசியிருந்தார். பழகிய குரலை எதிர்பார்த்து வந்தவர்களின் காதுக்கு அது ஸ்பீக்கர் கோளாறாகப் பட்டது. படம் வசூலில் சறுக்கியது, அதே நடிப்புக்கு அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

பார்வையாளர் சொல்லும் குறை பெரும்பாலும் நிஜம். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பல நேரம் தப்பாகிவிடும். "படம் எப்படி?" என்று மைக்கை நீட்டினால் கிடைப்பது அந்தத் தப்பான காரணம் மட்டுமே. காரணத்தைத் தேடிப் பிடிக்கிற மாதிரி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

எந்தத் தியேட்டர், எந்த ஷோ

ஒரு படத்துக்குக் குறைந்தது நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேரையும் ஒரே ஷோவில் பிடிக்கக் கூடாது. வெள்ளி காலைக் காட்சி, வெள்ளி இரவு, ஞாயிறு மதியம், திங்கள் மாலை என்று நான்கு ஷோ, ஷோவுக்குப் பத்துப் பேர். வெள்ளி காலை வருபவர் ஹீரோவுக்காக வருகிறார். ஞாயிறு மதியம் வருபவர் யாரோ சொல்லிக் கேட்டு வருகிறார். திங்கள் மாலை வருபவர் வேலை முடிந்த களைப்பில் காசையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து வருகிறார். கேங்ஸ்டர் படத்தைப் பொறுத்தவரை திங்கள் மாலைப் பத்துப் பேர்தான் பொக்கிஷம். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

தியேட்டரும் இரண்டு வகையாக இருக்க வேண்டும். மும்பை என்றால் பாந்த்ராவின் கெயிட்டி-கேலக்ஸி மாதிரி விசிலடித்துப் பார்க்கிற கூட்டம் வரும் இடம் ஒன்று, மால் மல்டிபிளெக்ஸ் ஒன்று. டெல்லி என்றால் தர்யாகஞ்ச் டிலைட் ஒரு பக்கம், மால் தியேட்டர் இன்னொரு பக்கம். சென்னையில் கேட்பதானால் ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே இந்திப் படத்துக்கு வருபவர்களில் சௌகார்பேட்டைக்காரர்கள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், சப்டைட்டிலை நம்பி வரும் தமிழர்கள் மூன்று தரப்பும் கலந்திருக்கும். மூவரையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சென்னையில் கேட்டதை வைத்து 'வடக்கே படம் ஓடாது' என்று எழுதவே கூடாது.

நிற்கும் இடம்

தியேட்டர் மேனேஜரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். கதவை ஒட்டி நிற்க வேண்டாம். கூட்டம் தள்ளிக்கொண்டு வரும், பின்னால் வருபவர் முன்னால் பேசுபவரின் பதிலைக் கேட்டுவிட்டு அதையே திருப்பிச் சொல்வார். வாசலிலிருந்து இருபது அடி தள்ளி, பார்க்கிங்குக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் பிரியும் இடத்தில் நில்லுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் ஹால் காலியாகிவிடும் என்பதால் இருவர் சேர்ந்து போவது நல்லது.

சிரித்த முகமாக வருபவரைத் தேடிப் பிடிக்கக் கூடாது. எண்ணிக்கொண்டே இருந்து ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்துங்கள். குழுவாக வந்தால் ஒருவரை மட்டும் தனியே இரண்டடி நகர்த்திக் கேளுங்கள், இல்லாவிட்டால் சத்தமாகப் பேசும் நண்பரின் கருத்து ஐந்து பேரின் கருத்தாகப் பதிவாகும். கேமராவைக் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். கேமராவைப் பார்த்ததும் நிதானமாக நடந்து வந்தவர்கூட ஹீரோ வசனத்தைக் கத்துவார், அது கருத்து ஆகாது. ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் 'ஏ' சான்றிதழ் வாங்குபவை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் போலத் தெரிந்தால் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். வரிசையை மாற்றாதீர்கள், வரிசைக்குக் காரணம் உண்டு.

1. "ஷுரூ சே தேகா?" ஆரம்பத்திலிருந்து பார்த்தாரா?
2. "போன் கப் நிகாலா?" எந்த இடத்தில் போனை வெளியே எடுத்தார்?
3. "கௌன் யாத் ரஹா?" யார் நினைவில் நிற்கிறார்?
4. "தோபாரா தேகேங்கே? கிஸ்கே சாத்?" மறுபடி பார்ப்பாரா, யாரோடு?
5. வன்முறை, ரவுடிசத்தைப் பெருமைப்படுத்துவது பற்றி அவர் நினைப்பது.

முதல் கேள்வி சின்னதாகத் தெரியும். 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் ஒரு டிவி சீரியலோடு படம் தொடங்குகிறது. திரை முழுக்க சீரியல்தான். கேமரா பின்னுக்கு வந்ததும் ஆட்கள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது, அடுத்த கணம் துப்பாக்கிச் சூடு. அங்கிருந்து கதை வெள்ளைக்காரர் காலத்து தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், மூன்று தலைமுறையைச் சொல்லத் தொடங்குகிறது. பாப்கார்ன் வாங்கிவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாக உட்கார்ந்தவருக்கு யார் யாருக்கு மகன் என்பதே பிடிபடாது. அவர் வெளியே வந்து "குழப்பமா இருக்கு" என்பார். முழுதாகப் பார்த்தவரும் "குழப்பமா இருக்கு" என்றால்தான் அது படத்தின் குறை. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கு கெட்டது.

போன் கேள்வியைப் போல நேர்மையான கேள்வி வேறு இல்லை. "லேக் இருந்ததா?" என்றால் படம் பிடித்தவர் இல்லை என்பார், பிடிக்காதவர் ஆமாம் என்பார். "எங்கே போனை எடுத்தீங்க?" என்றால் யோசித்துச் சரியான இடத்தைச் சொல்வார்: காதல் பாட்டில், கோர்ட் சீனில், கிளைமாக்ஸுக்கு முந்தைய பிளாஷ்பேக்கில். பத்தில் ஆறு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் படம் அங்கேதான் தொய்கிறது.

மூன்றாவது கேள்விக்கு நடிகர் பேரைச் சொல்கிறாரா, பாத்திரத்தின் பேரைச் சொல்கிறாரா என்பதை அப்படியே எழுதுங்கள். 1998-ல் வந்த 'சத்யா'வில் தலைப்புப் பாத்திரம் ஜே.டி. சக்கரவர்த்தியுடையது. ஆனால் ஜனங்கள் வாயில் நின்றது பிக்கு மாத்ரே. அந்தப் பாத்திரத்தில் நடித்த மனோஜ் பாஜ்பாய்க்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. வெளியே வருபவர் பாத்திரத்தின் பேரைச் சொல்லத் தொடங்கிவிட்டால் படம் நின்று ஓடும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. நடிகர் பேரை மட்டும் சொன்னால் ரசிகர் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்? முதலில் கேட்டால் எதிரே நிற்பவர் உடனே பொறுப்பான குடிமகனாகிவிடுவார். "இந்த மாதிரிப் படம் சமூகத்தைக் கெடுக்குது" என்று தொடங்கியவர், பிறகு தான் ரசித்த சீனைச் சொல்லக் கூச்சப்படுவார். ரசனையைப் பதிவு செய்து முடித்த பிறகு நியாயத்தைக் கேளுங்கள். இரண்டும் அவருக்குள் சேர்ந்தே இருக்கும், இரண்டுமே உண்மை. "வன்முறை ஜாஸ்தி" என்றால் அங்கே நிறுத்தாமல் எந்த சீன் என்று கேளுங்கள். துப்பாக்கியில் நூறு பேர் விழுவதைப் பற்றி ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கத்தியும் சுத்தியலும் நெருக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சொல்லை அப்படியே எழுதுங்கள்

'நன்று', 'சுமார்', 'மோசம்' என்று மூன்று கட்டம் போட்டு டிக் அடிப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய தவறு. இந்திக்காரர்கள் படத்தைப் பற்றிச் சொல்லும் சொற்களில் ஊரும் எடையும் இருக்கிறது. "பைசா வசூல்" என்றால் கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டது, முழுப் பாராட்டு. "டைம்பாஸ்" திட்டு அல்ல, நேரம் போனது என்ற திருப்தி. "டீக் டாக்" என்று தோளைக் குலுக்கினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "ஏக் பார் தேக் சக்தே ஹை" என்பதைப் பலர் பாராட்டாகக் குறித்துவிடுகிறார்கள். அது மரியாதையான மறுப்பு, அவர் நண்பனுக்கு டிக்கெட் போட மாட்டார். மும்பைக்காரர் "பக்காவு" என்றால் அறுவை, "ஏக் நம்பர்" என்றால் உச்சம். உத்தரப் பிரதேசத்துக்காரர் "பௌகால்" என்றால் நம் 'கெத்து'. பீகார்க்காரர் "கர்தா உடா தியா" என்றால் அப்படியே நம் 'தூள் கிளப்பிட்டான்'. சொல்லுக்குச் சொல் அதே புழுதிதான். "டயலாக்பாஜி" மட்டும் இரண்டு பக்கமும் வெட்டும்: கண் விரிந்து சொன்னால் பாராட்டு, உதட்டைப் பிதுக்கிச் சொன்னால் வெறும் வாய்ச்சவடால் என்ற புகார். அதனால் முகத்தையும் பக்கத்தில் ஒரு வார்த்தையில் குறிக்க வேண்டும். பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் எழுதாவிட்டால் அவருடைய சொல் மறைந்து, எழுதுபவரின் சொல்தான் தாளில் இருக்கும்.

நிஜ ஆட்களை வைத்து எடுத்த படம் என்றால் தனியாக ஒரு கட்டம் வேண்டும். 1991 நவம்பரில் மும்பையில் நடந்த லோகண்ட்வாலா போலீஸ் என்கவுன்டரை வைத்து 2007-ல் படம் வந்தது. ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து பம்பாயில் கடத்தல் தாதாவாகப் பெரிய ஆளான ஹாஜி மஸ்தானின் சாயல் பல இந்திப் படங்களில் உண்டு. அந்தக் கதைகளை அறிந்த வயதானவர் "நடந்தது இப்படி இல்லை" என்பார். அது வரலாற்றைப் பற்றிய குறை. படம் போரடித்தது என்ற குறையோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

ஆன்லைன் மதிப்பெண்ணை வடிகட்டுவது

ஐ.எம்.டி.பி.யில் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் 1 முதல் 10 வரையிலான பட்டை வரைபடத்தைத் திறங்கள். ஸ்டார் நடித்த கேங்ஸ்டர் படத்துக்கு முதல் மூன்று நாள் இரண்டு முனையும் வீங்கியிருக்கும். 10 போடுவது ரசிகர், 1 போடுவது எதிர் ரசிகர். இரண்டையும் நீக்கிவிட்டு நடுவில் இருப்பதைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக 200 ஓட்டு. 10-க்கு 120, 1-க்கு 20, மீதி 60: 9-க்கு 6, 8-க்கு 12, 7-க்கு 18, 6-க்கு 12, 5-க்கு 8, 4-க்கு 4. எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி 8.1. முனைகளை வெட்டினால் 404-ஐ 60-ஆல் வகுத்து 6.7. அந்த 6.7-தான் திங்கள் மாலை ஆளின் மனசு. தளம் காட்டும் எண் அதன் சொந்தக் கணக்கில் எடை போட்டு வருவது, அதனால் நீங்கள் கூட்டுவதோடு அது ஒத்துப்போகாது. பதறத் தேவையில்லை.

சீட் எண்ணுவது இன்னொரு வழி. அதே தியேட்டர், அதே ஸ்கிரீன், அதே மாலைக் காட்சி. வெள்ளியன்று ஷோ தொடங்கும் நேரத்தில் டிக்கெட் ஆப்பில் நிரம்பிய சீட்டை எண்ணுங்கள், திங்களன்று மறுபடி எண்ணுங்கள். வெள்ளியில் பாதிக்கு மேல் திங்களன்று நின்றால் பேச்சு நன்றாக இருக்கிறது என்பது வியாபாரிகளின் கைக்கணக்கு. திங்கள் விடுமுறையானாலோ, அன்று டிக்கெட்டுக்குத் தள்ளுபடி இருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. மொத்தமாக பிளாக் செய்த சீட்டும் ஆப்பில் நிரம்பியது போலத்தான் தெரியும். ஒரே வரிசையில் இடைவெளியே இல்லாமல் நிரம்பி, முன்னும் பின்னும் காலியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எழுதும்போது

"மக்கள் சொல்கிறார்கள்" என்று தொடங்க வேண்டாம். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை ஷோ, எந்தத் தேதி என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும். எந்த வடிவம் பார்த்தார்கள் என்பதும் வேண்டும். வாசேபூர் ஒரே படமாக எடுக்கப்பட்டு, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. கேன்ஸில் அப்படியே காட்டினார்கள், இந்தியாவில் 2012 ஜூனிலும் ஆகஸ்டிலும் இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் மட்டும் பார்த்தவர் "முடிவே இல்லை" என்றால் அதைப் படத்தின் மீது போட முடியாது. யார் சாகிறார், யார் காட்டிக்கொடுக்கிறார் என்பதைக் கருத்துச் சொன்னவரின் வாய்வழியாகக்கூட எழுத வேண்டாம். கேங்ஸ்டர் படத்தில் மீதியிருக்கும் சஸ்பென்ஸ் பெரும்பாலும் அதுதான். பேர் வேண்டாம்; "நாற்பது வயது, ஆட்டோ ஓட்டுநர், பால்கனி" போதும்.

வெள்ளி இரவே தீர்ப்பு எழுதும் ஆசையை அடக்குங்கள். 1978-ல் அமிதாப்பின் 'டான்' முதல் வாரம் மந்தமாகத்தான் ஓடியது. பார்த்தவர்கள் பேசிப் பேசித்தான் அது பெரிய வெற்றியானது, இரண்டே வருடத்தில் ரஜினியின் 'பில்லா'வாகத் தமிழுக்கும் வந்தது. முதல் வெள்ளியில் நாற்பது பேரைக் கேட்டிருந்தால் அந்தப் படத்தை இழுத்து மூடியிருப்பார்கள்.

இந்திப் படங்கள் பொதுவாக எட்டு வாரம் கழித்து ஓ.டி.டி.க்கு வரும். அப்போது இன்னொரு பத்துப் பேரைக் கேட்பதானால், ஐந்து கேள்வியோடு மூன்றைச் சேருங்கள்: போனிலா டிவியிலா, எத்தனை தடவையாகப் பார்த்து முடித்தார், எந்த மொழி ஆடியோ. தமிழ் டப்பிங்கில் பார்த்தவரின் "வசனம் சப்பென்று இருக்கு" என்ற குறையை அந்தப் பத்துப் பேரின் கணக்கில் சேர்க்காமல், டப்பிங் என்று தலைப்பிட்ட வேறு தாளில் எழுதுங்கள்.