தைத்தது சொதப்பினால் முதலில் பெடலிலிருந்து காலை எடுங்கள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள் நான். தோலில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டை ஓட்டைதான். பிரித்துத் தைத்தால் பழைய ஓட்டையும் புது ஓட்டையும் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும், அந்த ஜோடியே கழிவுப் பெட்டிக்குப் போகும். அதை விட்டுவிட்டுக் குடியாத்தத்தில் வீட்டோடு ஜாக்கெட்டும் போர்வையும் தைக்க உட்கார்ந்தபோது, பருத்தி எவ்வளவு பொறுத்துப்போகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. தையலைப் பிரித்துவிட்டு, லேசாகத் தண்ணீர் தொட்டு, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் நீவினால் ஓட்டை மூடிக்கொள்கிறது. பட்டு அப்படியில்லை. அது தோலுக்குத் தங்கச்சி. ஆரணிப் பட்டில் ஜாக்கெட் தைப்பவர்கள் அளவு பார்க்கப் போடும் தையலைக்கூட உள்ளே மடியும் துணியில்தான் போட வேண்டும்.

அடியில் நூல் கொத்தாகக் குவிந்தால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் துணியும் கையுமாக வந்து, "இன்னா பெரிம்மா இது, பாபின் கேஸு புச்சு, அப்பவும் சிக்குது" என்றாள். கேஸ் பாவம், ஒன்றும் செய்யவில்லை. பிரஷர் ஃபுட்டை, அதாவது துணியை அழுத்தும் பாதத்தை, இறக்கி வைத்துக்கொண்டே மேல்நூலைக் கோத்திருக்கிறாள். பாதம் இறங்கியிருக்கும்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நூல் நடுவே இறங்காது. பிடிமானமில்லாத மேல்நூல் அடியில் போய்க் குவிகிறது. பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையலைப் போடுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி வளைந்துவிடும். சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்றி, அடியில் இருக்கும் கொத்தைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். புது ஊசியிலும் விட்டால் திருப்பி மாட்டியிருப்பீர்கள். ஊசியில் நகத்துக்குத் தட்டுப்படும் நீளமான பள்ளம் ஒன்று இருக்கும், நூல் அந்தப் பக்கமிருந்துதான் நுழைய வேண்டும். பருத்திக்கு 14 நம்பர் ஊசி, பட்டுக்கு 11, நான்கைந்து மடிப்பு வைத்த போர்வைக்கு 16 அல்லது 18. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் கம்பெனியில் புது ஊசி கிடைக்கும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. குழந்தைக்குத் தைக்கும் போர்வையாக இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துத் தடவியாவது முனையைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

போர்வைதான் பெரிய வம்பு. எங்கள் ஊர் லுங்கிக்குப் பேர் போனது. கட்டம் போட்ட லுங்கித் துணியை மேலேயும் கீழேயும் வைத்து, நடுவில் பழைய புடவையை மடித்து வைத்து என் பேரனுக்கு ஒரு போர்வை தைத்தேன். ஒரு துவைப்புதான், அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிட்டது. பல தடவை துவைத்த புடவை சுருங்கி முடிந்தது, புது லுங்கி அப்போதுதான் சுருங்க ஆரம்பித்தது. பிறகு ஓரம் முழுக்கப் பிரித்து, நடுத்தையலையும் பிரித்து, புடவையை நீவிவிட்டு, மிஞ்சி வெளியே வந்ததை வெட்டித் திரும்பத் தைத்தேன். இரண்டு நாள் போயிற்று. அதற்குப் பதில் புதுத் துணியை முதல்நாளே ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து இஸ்திரி போட்டிருந்தால் போதும். ஜாக்கெட் லைனிங்குக்கும் இதே பாடுதான். நனைக்காத லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டால், கீழ் மடிப்பையும் கை மடிப்பையும் மட்டும் பிரித்து லைனிங்கைத் தளரவிட்டுத் தையுங்கள்.

இன்னொன்று, மேல்துணி முன்னால் ஓடிப்போய்க் கடைசியில் மடிப்பாக நிற்பது. பாதத்துக்கு அடியில் இருக்கும் மெஷினின் பல் அடித்துணியை மட்டும் பின்னால் தள்ளுகிறது, பாதம் மேல்துணியை அழுத்திப் பிடித்து வைக்கிறது. அதனால் துணிகளை மொட்டைமாடியில் விரித்து, மூலைக்கொரு கல் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் பெரிய ஓட்டுத் தையல் போடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு குத்தலாம். மெஷினிலும் நடுக்கோடு முதலில், ஓரம் கடைசியில். பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தையலை நீளமாக வையுங்கள். மீறி அடியில் மடிப்பு விழுந்துவிட்டால் கோடு முழுவதையும் பிரிக்க வேண்டாம். மடிப்புக்கு முன்னும் பின்னும் மூன்று அங்குலம் பிரித்து, நூல் முனைகளை அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, இடைவெளியை மட்டும் தைத்தால் போதும்.

சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டால் எந்தக் காரணத்துக்கும் கொடியில் போடாதீர்கள். நம்மூர் வெயிலில் அரைமணி நேரத்தில் காய்ந்து கறை பிடித்துவிடும். ஈரத்தோடேயே நிறையத் தண்ணீரில், சோப்புத்தூள் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். ஊசி குத்தி ரத்தம் பட்டால் உங்கள் எச்சிலையே தொட்டுத் தேயுங்கள், அப்புறம் பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடாது. மெஷின் எண்ணெய் பட்டால் முகப் பவுடரைக் கொட்டிக் கொஞ்ச நேரம் விட்டுத் தட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவுங்கள்.

கத்தரி தவறி நடுவில் வெட்டிவிட்டால் ஒட்டுதான் வழி. ஒட்டுத் துணியைத் துவைத்துவிட்டு வெட்டுங்கள், நூல் போகும் திசையும் ஒன்றாக இருக்கட்டும். லுங்கித் துணியில் கட்டத்தின் கோடு கோட்டோடு சேரும்படி வைத்து, விளிம்பை உள்ளே மடித்துக் கையால் தைத்தால் மாமியார் கண்ணுக்குக்கூடத் தெரியாது.