விநோதச் சவப்பெட்டி நிறுவனத்தில் பணம் போடுமுன்

'கிஸ்' ராக் குழுவின் படம் போட்ட சவப்பெட்டி 2001-லேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது. பிறகு பேஸ்பால் அணிச் சின்னம் பொறித்த அஸ்திக் கலசங்களும் வந்தன. "சாவு நிற்காது, அதனால் வியாபாரமும் நிற்காது" என்று இந்தச் சிறு நிறுவனங்கள் பங்கு விற்கும். அதில் முதல் பாதி மட்டுமே உண்மை.

பொருளின் படத்தைப் பார்த்து மயங்காமல், அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 'எட்கர்' தளத்தில் 10-கே ஆண்டறிக்கையை இறக்குங்கள்; இலவசம்தான். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் தணிக்கையாளர் கணிசமான ஐயம் தெரிவித்திருக்கிறாரா? அடுத்து, முதல் பக்கத்தில் உள்ள பங்கு எண்ணிக்கையை இரண்டு ஆண்டுக்கு முந்தைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 10 கோடி பங்கு 40 கோடியாகியிருந்தால் உங்கள் 1 சதவீதம் கால் சதவீதமாகிவிட்டது. பெரும்பாலும், சந்தை விலைக்குக் கீழே பங்காக மாற்றிக்கொள்ளும் கடன் பத்திரங்கள்தான் காரணம். விலை சரியச் சரியக் கூடுதல் பங்கு வெளியாகும். விலை மேலும் சரியும்.

சின்னத்துக்கான உரிம ஒப்பந்தத்தில், சின்னத்தின் உரிமையாளருக்குக் கட்டவேண்டிய குறைந்தபட்ச ராயல்டியைத் தேடுங்கள். ஒரு பேச்சுக்கு, ராயல்டி விற்பனையில் 10 சதவீதம், ஆண்டுக்குக் குறைந்தது 1 லட்சம் டாலர் என்று வைப்போம். அதை ஈடுகட்டவே 500 டாலர் கலசம் 2,000 விற்க வேண்டும். விற்காவிட்டாலும் அந்த 1 லட்சத்தைக் கட்டியே ஆகவேண்டும்.

யார் விற்பது என்பதுதான் பெரிய சிக்கல். வெளியில் வாங்கிய பெட்டியை இறுதிச்சடங்கு நிலையம் மறுக்கவோ அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ அமெரிக்க அரசின் விதி இடம் தருவதில்லை. ஆனால் இந்த நிறுவனத்தின் பெட்டியைத் தன் கூடத்தில் வைத்து விற்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. துக்கத்தில் இருக்கும் குடும்பமோ கண்முன் இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்கும். காட்சிக்கு அனுப்பிய பெட்டிகளையே விற்பனையாகக் கணக்கெழுதும் நிறுவனங்களும் உண்டு. விற்பனையைவிட வரவேண்டிய பாக்கி வேகமாக ஏறினால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவில் இப்போது பாதிக்கு மேல் தகனம்தான்; பெட்டியை மட்டும் நம்பிய திட்டம் வேண்டாம். கலசமென்றால் கொள்ளளவைக் கேளுங்கள். ஒரு பெரியவரின் அஸ்திக்குச் சுமார் 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர் வேண்டும். அழகுக்காக வளைத்து நெளித்த கலசத்தில் அவ்வளவு கொள்ளாவிட்டால் சரக்கு திரும்பி வரும்.

அஸ்தியை விண்வெளிக்கு அனுப்பும் நிறுவனமென்றால் முன்பணத்தை வருமானமாகக் காட்டுகிறதா, கடன்பாடாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரியில் அஸ்தியோடு நிலவுக்குக் கிளம்பிய பெரெக்ரின் கலம் பழுதாகி, திரும்பி வந்து வளிமண்டலத்தில் எரிந்தது. அப்படி நேர்ந்தால் பணம் திரும்புமா, மறுபயணமா, அந்தச் செலவு யாருடையது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

ஆண்டறிக்கையே கெடு தாண்டியும் வரவில்லையென்றால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை.